நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

2025 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. ஆறரைக்கு எழுந்தேன். காப்பி குடித்தபின், முந்தின இரவு அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் உலர்த்தியிருந்த துணிகளை மடித்து வைத்தேன். வெளியே நல்ல குளிர், மழை இல்லை. சனிக்கிழமைகளில் வேலை செய்வதால் ஆஸ்பத்திரியில் எனக்குச் செவ்வாய் விடுமுறை. அந்த நாளைப் பல வருடங்களாக ஒரே ஒழுங்கில் கழித்து வருகிறேன். பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் தெரு வழியாகத் தெற்கே நடந்து, தபால் வேலை ஏதாவது இருந்தால் முடித்து, ரூ காய் தெருவில் அரிசியும் காய்கறியும் வாங்கி, கடைசியாக மீன் வாங்குவேன். மற்ற வேலைகள் முடிவதற்குள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக மீன் கடைசியில். வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகச் செவ்வாய்.

மீன்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்தார்.

"வாங்கோ அக்கா. செவ்வாய்க்கிழமை நான் கடை திறக்கிறதே உங்களுக்காகத்தான்."

"அப்போ விலையைக் கொஞ்சம் குறைக்கிறது."

"குறைச்சால் வெள்ளிக்கிழமையும் வரத் துவங்கிடுவியள். பிறகு எனக்கு ஓய்வேது?"

இதை அவர் சொல்வது முதல் முறையல்ல. நான் சொன்னதும் வழக்கமாகச் சொல்வதுதான். ஒரு கிலோ விளைமீன் எடுத்தேன். செதில் சீவித் துண்டு போட்டு, இரண்டு பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஒழுங்கில் சேராத வேலை ஒன்றும் இருந்தது. ஓர் ஆய்விதழுக்கு எங்கள் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

நான் ஒரு பொது மருத்துவமனையில் உணவியலாளர். பிறந்தது புதுச்சேரி, குடியுரிமை பிரான்ஸ், வேலை நிரந்தரம். கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதியவள் அதே பிரிவில் வேலை செய்யும் இன்னொரு உணவியலாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆறு வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவள். என்னைவிடப் பதினான்கு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். அவளுக்கு ஒப்பந்த வேலை, மார்ச் மாதத்தோடு முடிகிறது. நிரந்தர இடம் ஒன்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கான தொசியேயை, அதாவது விண்ணப்பக் கோப்பை, புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அதில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒரு கட்டம் உண்டு. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தால் அதன் தலைப்பையும் ஆய்விதழ் கொடுத்த எண்ணையும் அங்கே எழுதலாம். அவளிடம் இருந்தது இந்த ஒரு கட்டுரைதான். போட்டியிட்ட மற்ற இருவரிடமும் ஆளுக்கு இரண்டு இருந்ததாகக் கேள்வி.

கட்டுரையின் பொருள் எளிமையானது. பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும், ஐம்பது வயதைக் கடந்த, நீரிழிவு உள்ள யாழ்ப்பாணத்துப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது. நீரிழிவை அவர்கள் சீனி வருத்தம் என்பார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு முறை சந்தித்து, நேற்றுக் காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பதிந்தோம். அடுத்தடுத்து வராத இரண்டு நாட்கள் இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. அதன்படியே செய்தோம். எங்கள் முடிவு: இவர்கள் சோறு அதிகம் உண்கிறார்கள், மீனும் முட்டையும் இறைச்சியும் அநேகமாக இல்லை, ஆகவே உடலுக்கு வேண்டிய புரதம் போதவில்லை, மருத்துவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிவின் தலைவர் படித்து, இரண்டு இடங்களில் காற்புள்ளி வைத்து, சம்மதம் சொல்லியிருந்தார்.

ரூ பெர்தொனேயில் ஒரு தேநீர்க் கடையின் கடைசி மேசையில் அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அங்கே கணினிக்கு மின்இணைப்பு உண்டு. அலுவலகத்திலிருந்து அனுப்பலாமே என்று முந்தின நாள் கேட்டிருந்தேன். "முதல் ஆளாய் என்ரை பேர் வாற கட்டுரை அக்கா. அந்தப் பச்சைச் சுவரைப் பாத்துக்கொண்டு அனுப்ப மாட்டன்" என்றாள். அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

நான் பைகளைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அந்த மீன் பையை அங்கால வையுங்கோ. இண்டைக்குச் செவ்வாய்."

"நல்லாக் கட்டித்தான் இருக்கு."

"கட்டினாலும் மணக்குது. சாமிக்கும் மூக்கிருக்கு."

பையைச் சுவரோரமாகத் தள்ளினேன். கடைக்காரர் இரண்டு தேநீரும் ஒரு தட்டில் உளுந்து வடையும் கொண்டு வந்தார்.

"என்ன, ரெண்டு டொக்டர்மாரும் சேர்ந்து என்ரை கடையை ஆசுப்பத்திரி ஆக்கிப்போட்டியள்?"

"நாங்கள் டொக்டர் இல்லை அண்ணை. சாப்பாட்டுக்காரர்" என்றாள் அவள்.

"அப்ப எனக்குப் போட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுரை அனுப்புவது என்றால் கோப்பை ஏற்றிப் பொத்தானை அழுத்துவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். ஆய்விதழின் தளத்தில் பக்கம் பக்கமாகக் கேள்விகள் வரும். தலைப்பு, சுருக்கம், ஆசிரியர்களின் வரிசை, பணம் கொடுத்தது யார், யாருடைய நலனாவது குறுக்கிடுகிறதா. மதிப்பீடு செய்யத் தகுந்தவர்கள் என்று யாரையாவது பரிந்துரைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. எங்களுக்கு யாரையும் தெரியாது. அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மேலே போனோம். அவள் தட்டச்சு செய்தாள், நான் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

ஏறக்குறைய முடியும் தறுவாயில், உணவு ஆய்வுகளுக்கு மட்டுமான ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரு கேள்வி: பதிவு செய்யப்பட்ட உணவு வாரத்தின் எந்தெந்த நாட்களுக்குரியது?

அவள் புதன், சனி என்று அடித்தாள்.

"அது நாம கேட்ட நாள்" என்றேன். "அவங்க சாப்பிட்ட நாளைக் கேக்கறாங்க. ஒரு நாள் முன்னாடி போடு."

"ஓம், ஓம்." அழித்துவிட்டு, செவ்வாய், வெள்ளி என்று அடித்தாள்.

அவளுடைய விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. நான் சுவரோரம் கிடந்த மீன் பையைப் பார்த்தேன்.

புதனையும் சனியையும் நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குச் சமயக் காரணம் எதுவும் இல்லை. நேர்காணலுக்குக் கிடைத்த அறை ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு நடன வகுப்பின் மேல்மாடியில் இருந்தது. புதன்கிழமை பிற்பகல் இங்கே பள்ளி இல்லாததால் பேரப்பிள்ளைகளை நடனத்துக்குக் கூட்டிவரும் பெண்கள் ஒரு மணி நேரம் சும்மா இருப்பார்கள். சனிக்கிழமை பிற்பகல், என் ஆஸ்பத்திரி வேலை முடியும் நேரத்தில், புறநகரிலிருந்து சாமான் வாங்க லா ஷப்பெல்லின் தமிழ்க் கடைகளுக்கு வருவார்கள். இரண்டும் அவர்களுக்கு வசதியான நாட்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று புதன்கிழமை கேட்டால் செவ்வாயின் சாப்பாடு வரும், சனிக்கிழமை கேட்டால் வெள்ளியின் சாப்பாடு வரும். சைவ சமயக் குடும்பங்களில் மீனோ முட்டையோ சமைக்காத நாட்கள் அந்த இரண்டும்தான். வாரத்தின் ஏழு நாட்களில் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, இவர்கள் மீனே சாப்பிடுவதில்லை என்று நான்கு அட்டவணைகள் போட்டிருந்தோம்.

மூன்று பெண்கள் மட்டும் மற்றவர்களிலிருந்து விலகி நின்றார்கள். அவர்களுடைய கணக்கில் மீன் இருந்தது. பிரான்சுக்கு முன்னதாகவே வந்தவர்கள், அதனால் உணவுப் பழக்கம் மாறியிருக்கலாம் என்று கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த மூவரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எனக்குப் பின் வரிசையில் உட்காருகிறவர்கள்.

அவள் போனை எடுத்தாள். அவளுடைய தாயும் ஆய்வில் பங்கேற்றவர். மகள் தாயைக் கேட்கக் கூடாது என்பதால் அவரை நேர்கண்டது நான். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"என்னடி, இப்ப போனிலையும் துவங்கிட்டியளே?"

"சொல்லுங்கோவன்."

"மத்தியானம் பாரைமீன் குழம்பும் இறால் பொரியலும். ஒரு முட்டை அவிச்சனான். இரவு அந்தக் குழம்போடை ரெண்டு துண்டு பாண்."

"அக்கா கேக்கேக்கை பருப்பும் கத்தரிக்காயும் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அவ கேட்டது வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமையிலை மீன் மச்சம் தின்னுறதோ? நல்லாயிருக்கு உங்கடை படிப்பு."

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள்.

"நானே இண்டைக்கு மச்சமில்லை" என்றாள். "ஒண்டரை வருசம் அக்கா. ஒவ்வொரு கிழமையும் நானும் சைவம், அவையளும் சைவம். எனக்குத் தெரியேல்லையே."

எனக்கும் தெரியாமல் இல்லை. காலியான கடையில்தானே மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தேநீர் ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. கடைக்காரர் வேறு யாருக்கோ கொத்துரொட்டி போடத் தொடங்கியிருந்தார். அந்தத் தகரச் சத்தத்தில் அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இதை ஆர் அக்கா கண்டுபிடிக்கப் போகினம்? வாசிக்கிறவை ஹொலண்டிலையோ ஸ்பெயினிலையோ இருப்பினம். அவையளுக்குச் செவ்வாயும் ஒண்டு, திங்களும் ஒண்டு."

"அது சரிதான்."

"அனுப்புவம். நாளைக்கு நம்பர் இருக்கும். திருத்தச் சொல்லி வரேக்கை திருத்துவம்."

"முதல் பேர் உன்னோடது. நீ என்ன சொல்றியோ அப்படிச் செய்யலாம்" என்றேன். மரியாதையாக நடந்துகொள்வதாக அப்போது எண்ணினேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"இது நல்ல கதை. உங்களுக்கு வேலை இருக்கு, பென்ஷன் இருக்கு. அலுங்காமல் என்ரை தலையிலை வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறியள். நீங்கள் என்ன நினைக்கிறியள்? ஓம், இல்லாட்டி இல்லை. அதைச் சொல்லுங்கோ."

சொல்லியாக வேண்டியிருந்தது.

"இல்லை" என்றேன். "இதை அனுப்பக் கூடாது. யாராவது ஒரு டாக்டர் படிச்சிட்டு, உங்கம்மாவைப் புரதப் பவுடர் வாங்கச் சொல்லுவார்."

"அம்மா வாங்குவா. வாங்கி அலுமாரியிலை வைப்பா. குடிக்க மாட்டா." சிரித்தாள், ஆனால் கண்கள் கலங்கியிருந்தன. கடையின் காகிதக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். "சரி. அப்ப நாளைக்கு அந்தக் கட்டத்திலை நான் என்னத்தை எழுதுறது?"

கையில் உண்மையாக மிச்சம் இருப்பது என்ன என்று பார்த்தோம். சேகரித்த ஒவ்வொரு விவரமும் சரியானதுதான், அந்த இரண்டு நாட்களுக்கு மட்டும். சைவம் சாப்பிடும் நாட்களில் இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஆய்விதழ் குறுங்கட்டுரைகளையும் ஏற்கும். முழுக் கட்டுரைக்கு இருக்கும் மதிப்பு தேர்வுக்குழுவின் கண்ணில் அதற்கு இருக்காது. அவளுக்கும் அது தெரியும். புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து தலைப்பை மாற்றி அடித்தாள். கணவனை அழைத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகச் சொன்னாள். அலுவலகத்துக்கும் தகவல் சொல்லி, மீதி அரை நாளையும் விடுப்பாக்கிக்கொண்டாள்.

நான் மீன் பையை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய், மாலை வரை குளிர்பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"தாங்கோ. கோழி இருக்கிற பெட்டியிலை வைக்கிறன்."

"செவ்வாய்க்கிழமை பரவாயில்லையா?"

"வீட்டிலைதான் அக்கா நான் சைவம். கடையிலை வியாபாரி."

நான்கு அட்டவணைகளில் இரண்டு போயின. புரதம் போதவில்லை என்ற பகுதி முழுதும் போயிற்று. அதை எழுத எனக்கு ஒரு கோடை விடுமுறை பிடித்திருந்தது, அவள் அழிக்க ஒரு நொடி பிடித்தது. பிரான்சுக்கு முன்னதாக வந்தவர்கள் என்ற பத்தியை நானே நீக்கி, மூவரையும் கிறிஸ்தவர்கள் என்று தனி வரியில் எழுதினேன். செவ்வாயும் வெள்ளியும் ஏன் சைவ நாட்கள் என்பதை ஒரு பத்தியில் விளக்க வேண்டியிருந்தது. அவள் எழுதிய முதல் வடிவத்தில் முருகனும் அம்மனும் வந்தார்கள். உணவியல் இதழுக்கு அவ்வளவு தேவையில்லை என்றேன். "ரெண்டு பேரையும் ஒரே வெட்டிலை வெட்டிப்போட்டியள்" என்றாள்.

பிரிவின் தலைவரின் சம்மதம் மறுபடி தேவைப்பட்டது. அவர் கூட்டத்தில் இருந்தார். நடந்ததை ஆறு வரிகளில் எழுதிப் புதிய வடிவத்துடன் அனுப்பினேன். ஐந்து மணிக்கு மேல், சரி என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தது.

மறுபடியும் பக்கம் பக்கமாகக் கேள்விகள். கிழமைகளைக் கேட்கும் கட்டம் வந்தபோது அவள் செவ்வாய், வெள்ளி என்று அடித்து, என் பக்கம் திரும்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போனாள். பொத்தானை அவள்தான் அழுத்தினாள். கடையில் வேலை முடிந்து வந்தவர்களின் கூட்டம் நிறைந்திருந்தது. ஒருவர் எங்கள் மேசையின் ஓரத்தில் தன் தட்டை வைத்துக்கொள்ள இடம் கேட்டார்.

தானியங்கிக் கடிதம் உடனே வந்தது. உங்கள் கட்டுரை கிடைத்தது, ஆசிரியர் அலுவலகம் சரிபார்த்தபின் எண் வழங்கப்படும் என்று அதில் இருந்தது. அலுவலகம் அன்றைக்கு மூடியாகிவிட்டது. மத்தியானமே பழைய கட்டுரையை அனுப்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் எண் வந்திருக்கக்கூடும்.

"நம்பர் வராட்டி அந்த இடத்தை வெறுமையாய் விடுவன்" என்றாள். கணினியைப் பையில் வைத்தாள். வடைக்கும் தேநீருக்கும் நான் பணம் எடுத்தபோது, "நீங்கள் ஓமெண்டு சொல்லியிருந்தால் இந்தக் காசை நான் குடுத்திருப்பன்" என்று சொல்லிவிட்டு மெத்ரோ பக்கம் நடந்தாள். நான் மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்தேன்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே குறித்துவிடுகிறேன். நிரந்தர இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்தார்கள். அந்தக் கட்டம் இதில் எந்த அளவுக்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குறுங்கட்டுரை இரண்டு திருத்தங்களுக்குப் பின் ஏற்கப்பட்டது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர், மற்ற ஐந்து நாட்களும் எங்கே என்று கேட்டிருந்தார். அதைச் சேகரித்து வருகிறோம் என்று பதில் எழுத முடிந்தது.

கட்டுரை அனுப்பிய மறுநாள், புதன்கிழமை, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் மீன்கடைக்குப் போனேன். வழியில் அவளுடைய குறுஞ்செய்தி வந்தது. எண் வரவில்லை, மதியம் வரை வேலையில் நேரம் கிடைக்காது, அதனால் இடத்தை வெறுமையாக விட்டுத் தொசியேயை அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். கடை திறந்த சிறிது நேரத்திலேயே வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்திருந்தது. அதில் எங்கள் ஆய்வுப் பெண்கள் பலரைப் பார்த்தேன்.

"அக்கா, இண்டைக்குப் புதன். நாள் மாறி வந்திட்டியளோ?" என்று உள்ளேயிருந்து கடைக்காரர் கூப்பிட்டார்.

வரிசையின் கடைசியில் நின்றிருந்த பெண் ஆய்வில் எங்களோடு இருந்தவர். இன்று சாப்பிடுவதை நாளை போனில் கேட்டால் சொல்ல முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஓம், கேளுங்கோ" என்றார். பிறகு தலையை நீட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நீங்கள் கேக்கப் போறியள் எண்டால் அப்ப நண்டும் ரெண்டு வாங்குவம்."

அதையும் குறித்துக்கொண்டேன்.